டிஸ்னி டொலரும் அதன் உறவுக்காரரும்: யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சொந்தக்காரர் வந்து போனபின், யாராவது ஒருவர் மிக்கி மவுஸ் படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு "இது செல்லுமா?" என்று கேட்பது வழக்கம். பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்தவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும்.

மாமா தந்த தாளில் மிக்கி மவுஸ் இருக்கிறது, ஒரு டொலர் என்றும் போட்டிருக்கிறது. இது உண்மையான காசா?

அமெரிக்க அரசின் காசு இல்லை. ஆனால் விளையாட்டுக் காசும் இல்லை. இதன் பெயர் டிஸ்னி டொலர். அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்கள் தாங்களே அச்சிட்டு, ஒரு அமெரிக்க டொலருக்கு ஒரு டிஸ்னி டொலர் என்ற கணக்கில் விற்றவை. வாங்கியவர் பூங்காவுக்குள் அதைக் கொடுத்துச் சாப்பிடலாம், பொம்மை வாங்கலாம், மிஞ்சினால் திருப்பிக் கொடுத்து நிஜ டொலராக மாற்றலாம். பூங்கா வாசலைத் தாண்டிவிட்டால் அது நினைவுப்பொருள்.

எப்போது தொடங்கியது? இப்போதும் அச்சிடுகிறார்களா?

1987 மே 5 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் முதன்முதலாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் புளோரிடாவின் எப்கொட் பூங்காவுக்கு வந்தது. 1992 முதல் டிஸ்னி கடைகளிலும் கிடைத்தது. தொடக்கத்தில் ஒன்றும் ஐந்தும்தான். ஒரு டொலரில் மிக்கி, ஐந்தில் கூஃபி. பத்து டொலர் 1989 இல் மின்னியின் படத்துடன் வந்தது. 2005 இல் டிஸ்னிலாண்டுக்கு ஐம்பது வயதானபோது ஐம்பது டொலர் தாளும் போட்டார்கள். டிஸ்னியின் ஓவியர் ஹரி பிரைஸ்தான் இந்த யோசனையைக் கொடுத்தவர் என்று சொல்லப்படுகிறது.

2016 மே 14 உடன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பரிசு அட்டைகள் வந்தபின் தாளுக்கு வேலை குறைந்துபோனதுதான் காரணம். ஆகவே இன்று உங்கள் வீட்டில் இருப்பது எதுவானாலும் அந்த இருபத்தொன்பது ஆண்டுக்குள் அச்சானது.

நிஜ டொலரே செல்லும் இடத்தில் தனியாக ஒரு காசு எதற்கு?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் நூறு டொலருக்கு டிஸ்னி டொலர் வாங்குகிறது. அந்த நூறு டொலர் அப்போதே பூங்காவின் பெட்டிக்குள் போய்விட்டது, பொருள் இன்னும் கொடுக்கவில்லை. அதுவரை அது பூங்காவின் கடன். மாலையில் பிள்ளை "எனக்கு ஒன்று வேண்டும்" என்று மிக்கி தாள் ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தத் தாள் பூங்காவுக்குத் திரும்பி வரவே போவதில்லை. ஒரு டொலருக்கு விற்ற பொருளின் செலவு, கடதாசியும் மையும் மட்டும்தான். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாளும் பூங்காவுக்கு லாபம். அச்சு அழகாக இருக்க இருக்க வீட்டுக்குப் போகும் தாள்களும் கூடும். அதனால்தான் அத்தனை அக்கறையாக வரைந்தார்கள்.

இரண்டாவது மனம் சம்பந்தப்பட்டது. கையில் மிக்கி தாள் இருக்கும்போது செலவு செய்வது கொஞ்சம் இலகுவாகிவிடுகிறது. இந்தப் பூங்காவுக்கு அது புதிதும் இல்லை. 1955 இல் டிஸ்னிலாண்ட் தொடங்கிய ஆண்டிலேயே சீட்டுப் புத்தகம் விற்றார்கள். ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். பிறகு டி வந்தது, 1959 இல் ஈ வந்தது. மிகச் சிறந்த சவாரிகளுக்கு ஈ சீட்டு. 1982 இல் அந்த முறையைக் கைவிட்டு, ஒரே நுழைவுக் கட்டணத்தில் எல்லாம் என்று ஆக்கினார்கள். செலவழிக்காமல் மிஞ்சிய சீட்டுகளையும் இன்று சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் நான் இந்தத் தாள்களை விரும்புவது அந்தத் தந்திரத்துக்காக இல்லை. காசு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு கிடைப்பது கஷ்டம். இதில் பொன் இல்லை, அரசு இல்லை, சட்டமும் இல்லை. "கொண்டு வா, நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒருவர் கொடுத்த வாக்கு மட்டும் இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் 29 ஆண்டுகள் ஓடியது.

யாழ்ப்பாணத்தில் எங்காவது மாற்றலாமா?

மாற்ற முடியாது. ஆஸ்பத்திரி வீதி வங்கிகளிலும் சரி, காசு மாற்றும் கடைகளிலும் சரி, கொண்டுபோக வேண்டாம். அவர்கள் வாங்காதது சரியே.

அப்படியானால் பாரிசில் இருக்கும் சித்தியிடம் கொடுத்து டிஸ்னிலாண்டில் மாற்றச் சொல்லலாமா?

பாரிஸ் டிஸ்னிலாண்ட் 1992 இல் தொடங்கியது, அங்கே எல்லாம் யூரோதான். டிஸ்னி டொலர் அமெரிக்கப் பூங்காக்களுக்கானது. விற்பனையை நிறுத்தியபோது, வெளியே இருக்கும் தாள்களைத் தொடர்ந்து ஏற்போம் என்று அறிவித்தார்கள். ஆகவே கலிபோர்னியாவுக்கோ புளோரிடாவுக்கோ போகும் சொந்தக்காரர் இருந்தால் கொடுத்துவிடலாம், போகுமுன் பூங்காவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் ஒரு டொலருக்காக அதைச் செய்வது வீண். சேகரிப்பவர்களிடம் அது ஒரு டொலருக்கு மேல் போகும்.

தாளை எப்படிப் பார்த்து இனம் காண்பது?

காலை வெயில் வரும் சன்னலோரம் நின்று பாருங்கள். குழல்விளக்கின் கீழ் பாதி தெரியாது.

தாளைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரியுங்கள். முன்பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் மை இருக்கிறது. நேராகப் பார்த்தால் சாதாரண நிறம், சரித்தால் மினுங்கும். பிறகு தாளின் மேற்பரப்பைக் கவனியுங்கள். சிறுமணல் தூவியதுபோல் மினுக்கத் துகள்கள் அங்கங்கே ஒட்டியிருக்கும். கையால் தடவினால் சிலவேளை விரலுக்குத் தட்டுப்படும். நிறப் பிரதி எடுக்கும் இயந்திரத்தால் இந்த இரண்டையும் கொண்டுவர முடியாது. படத்தைச் சுற்றியுள்ள மயிரிழைக் கோடுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அசலில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நிற்கும், பிரதியில் புள்ளி புள்ளியாகக் கலங்கிவிடும். டிங்கர்பெல் தேவதையின் சிறு உருவத்தையும் தேடுங்கள்.

கையொப்பத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மத்திய வங்கி ஆளுநர் கையெழுத்துப் போடும் இடத்தில், பொருளாளர் என்று ஸ்க்ரூஜ் மக்டக் கையெழுத்துப் போட்டிருப்பார். டொனால்ட் வாத்தின் பணக்கார மாமா, காசுக் குவியலில் நீந்துபவர். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

கடைசியாகத் தொடரிலக்கம். ஒவ்வொரு தாளுக்கும் தனி எண் உண்டு, அதோடு ஆங்கில எழுத்தும் வரும். ஏ என்று தொடங்கினால் கலிபோர்னியாவின் அனகைமில் உள்ள டிஸ்னிலாண்டுக்கு அச்சிட்டது. டி என்றால் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு. தந்தவர் எந்த ஊருக்குப் போனார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லாவிட்டாலும், அந்த ஒற்றை எழுத்து எந்தப் பூங்காவின் தாள் என்று சொல்லிவிடும்.

பத்து லட்சம் டொலர் என்று போட்ட தாள் ஒன்றும் இருக்கிறதே?

அது பகிடிக்காக அச்சிடும் தாள். யாரும் திருப்பி வாங்குவேன் என்று சொல்லவில்லை, எங்கும் செல்லாது, சேகரிப்பவர்களும் பெரிதாகத் தேடுவதில்லை. அதை வைத்து யாராவது வியாபாரம் பேசினால் எழும்பி வந்துவிடுங்கள்.

என்ன விலை போகும்?

இணையத்தில் தேடினால் மயக்கம் வரும் விலைகள் தெரியும். அவை விற்பவர் கேட்கும் விலை. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பாருங்கள், அங்கே தெரிவதுதான் விலை.

விலையைத் தீர்மானிப்பவை சில. மடிப்பு விழாத தாளுக்கும் பேர்சுக்குள் நாலாக மடித்த தாளுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குறைவாக அச்சான தாள், 2005 இன் ஐம்பது டொலர் போல, கூடப் போகும். சின்னத் தொடரிலக்கத்துக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. தாளைத் தரம் பார்த்துப் புள்ளி போட்டு உறையில் இட்டுத் தரும் பிஎம்ஜி என்ற அமெரிக்க நிறுவனம் டிஸ்னி டொலரையும் ஏற்கிறது. ஆனால் இங்கிருந்து அனுப்பி எடுக்கும் செலவைப் பார்த்தால், சாதாரண ஒரு டொலர் தாளுக்கு அது கட்டுப்படியாகாது. விற்கும் எண்ணத்தோடு வைத்திருப்பவர்களுக்கு என் கருத்து: வைத்திருங்கள். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மடித்த தாள்கள், அவற்றின் பெறுமதி கொண்டுவந்து தந்தவரில்தான் இருக்கிறது.

பழுதாகாமல் இருக்க லமினேற் பண்ணி வைக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் முதல் கோயில் படம் வரை எல்லாவற்றையும் லமினேற் பண்ணிவிடுகிறோம். அந்த இயந்திரம் சூட்டில் பசையை உருக்கிக் கடதாசியின் நாருக்குள் இறக்குகிறது. பிறகு பிரிக்கவே முடியாது. மினுக்கத் துகளும் மையும் பசைக்குள் அமுங்கிப்போகும். ஓரத்தில் காற்றுப் புகுந்தால் மாரி ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். சேகரிப்பவர் லமினேற் பண்ணிய தாளைப் பழுதான தாளாகவே எண்ணுவார்.

செலவில்லாத வழி இருக்கிறது. புத்தகக் கடையில் கிடைக்கும் கோப்பு உறைகளில் பீபீ என்று குறியிட்டது பொலிப்புரொப்பிலீன், அது பாதுகாப்பானது. புது மழைக்கோட்டின் மணம் அடிக்கும் மெதுவான பிளாஸ்டிக் வேண்டாம், அது பீவீசீ. நாள்பட அதிலிருந்து கசியும் பொருள் தாளையும் நாணயத்தையும் கெடுக்கும், செப்பு நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். உறையில் இட்ட தாளைத் தட்டையாக ஒரு கடினமான மட்டைக்கு நடுவில் வைத்து, மூடி இறுகிய பெட்டிக்குள் வையுங்கள். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை வீசாமல் உள்ளே போடலாம். அந்துருண்டை போடக்கூடாது, அது பிளாஸ்டிக்கை இளக்கும். இரும்புக் கிளிப்பும் கூடாது. கடற்காற்று அடிக்கும் ஊரில் அது ஒரே மாரியில் துருப்பிடித்துத் தாளில் தடம் பதித்துவிடும். பெட்டியைத் தரையில் வைத்தால் கறையானுக்கு நாமே சமைத்து வைத்த மாதிரி.

ஒரு துண்டுக் கடதாசியில் யார் தந்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பென்சிலால் எழுதி உறைக்குள் சேர்த்து வையுங்கள். தாளின்மேல் எழுத வேண்டாம்.

பிரான்சிலிருந்து வந்தவர் சைபர் யூரோ தாள் தந்தார். அது என்ன?

அதுவும் நினைவுத் தாள்தான், ஆனால் வேறு வகை. 2015 இல் பிரான்சில் ரிஷார் ஃபெய் என்பவர் தொடங்கியது. ஐரோப்பிய மத்திய வங்கியின் அனுமதியோடு, நிஜ நோட்டு அச்சிடும் நிறுவனமே நிஜ நோட்டுக் கடதாசியில் அச்சிடுகிறது. நீர்க்குறியும் இருக்கும். ஒரு பக்கம் எல்லாத் தாளுக்கும் பொது, மறுபக்கத்தில் அந்தந்த இடத்தின் படம். அரும்பொருளகங்களிலும் கோட்டைகளிலும் விலங்குப் பூங்காக்களிலும் இயந்திரத்தில் சில யூரோ போட்டால் வரும்.

டிஸ்னி டொலர் செலவழிக்கக்கூடியது, சைபர் யூரோ முதல் நாளிலிருந்தே செலவழிக்க முடியாதது. நான் டிஸ்னி பக்கம். வாக்கு இல்லாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தபாலட்டை மாதிரித்தான். ஆனால் அச்சுத் தரத்தில் சைபர் யூரோ ஒரு படி மேலே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சைபர் ரூபா என்றும் ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த ஐந்தாவது தூண் என்ற அமைப்பு 2007 இல் வெளியிட்டது. லஞ்சம் கேட்பவரிடம் நீட்டுவதற்காக, தமிழிலும் அச்சிட்டார்கள். அதை யாராவது தந்தால் விடாதீர்கள்.

டுபாயில் இருந்து வந்த பிள்ளை கிட்சோஸ் என்று ஒரு காசு வைத்திருக்கிறது.

கிட்சானியா என்ற சிறுவர் நகரத்தின் காசு. 1999 இல் மெக்சிக்கோவில் தொடங்கியது, டுபாய் மோலிலும் ஒன்று உண்டு. உள்ளே போகும் பிள்ளைக்கு ஒரு காசோலை கொடுப்பார்கள், அதைச் சிறுவர் வங்கியில் மாற்ற வேண்டும். பிறகு தீயணைப்பு வீரராகவோ பல் வைத்தியராகவோ வேலை செய்து கிட்சோஸ் உழைக்கலாம், செலவழிக்கலாம். இந்த வரிசையில் உழைத்துச் சம்பாதிக்கும் காசு இது ஒன்றுதான், அதனால் பிள்ளைகள் இதைக் கைவிடவே மாட்டார்கள்.

நசுக்கிய சதம் என்கிறார்களே?

பூங்காக்களில் கைப்பிடி சுற்றும் இயந்திரம் இருக்கும். இரண்டு கால் டொலரும் ஒரு சதமும் போட்டுச் சுற்றினால், அந்தச் சதம் உருளைகளுக்கு நடுவே நசுங்கி நீள்வட்டமாகி, படம் பதிந்து விழும். 1893 இன் சிக்காகோ உலகக் கண்காட்சிக் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம். உங்களிடம் இருப்பதில் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால் அது 1982 அளவில் அல்லது அதற்குப்பின் வார்த்த சதம். உள்ளே நாகம் என்ற உலோகம், மேலே செப்புப் பூச்சு மட்டும். நசுங்கும்போது பூச்சு கிழிந்து நாகம் வெளியே தெரிகிறது. முழுச் செந்நிறமாக இருந்தால் பழைய செப்புச் சதம்.

இதைப் பார்த்துவிட்டுப் பெடியள் தண்டவாளத்தில் ரூபாக் குற்றி வைக்கக்கூடாது. 2014 இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து அந்த ஆசை இருக்கிறது என்று தெரியும். உயிருக்கே ஆபத்து. தவிர, இலங்கை நாணயத்தையும் நோட்டையும் வேண்டுமென்று சிதைப்பது சட்டப்படி குற்றம்.

நம் பக்கத்தில் இப்படிச் சேகரிக்க ஏதாவது உண்டா?

நிறைய. முதலில் சேது நாணயம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே "சேது" என்று தமிழில் பொறித்திருக்கும். தேய்ந்த காசாக இருந்தாலும் சரித்துப் பிடித்தால் எருதின் திமில் முதலில் புலப்படும், பிறகு கண் பழகப் பழக எழுத்து வரும்.

தோட்டங்களின் காலத்தில், 19 ஆம் நூற்றாண்டில், கொழும்புக் கோப்பி ஆலைகள் தொழிலாளருக்குத் தங்கள் சொந்த உலோகத் துண்டுகளைக் கொடுத்துக் கணக்குப் பார்த்தன. தனியார் ஒருவர் வெளியிட்ட காசு என்ற வகையில் டிஸ்னி டொலருக்கு அது பாட்டன் முறை. ஆனால் இதை வாங்கியவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல, உழைத்துக் களைத்தவர்கள். சேகரிக்கும்போது அதையும் நினைத்துச் சேகரிக்க வேண்டும்.

புதியவற்றில், 1998 சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த 200 ரூபா நோட்டு. இலங்கையின் முதல் பிளாஸ்டிக் நோட்டு அது. கொழும்புக்குப் போனால் கோட்டை சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் அரும்பொருளகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சேது நாணயத்தை லண்டன் அண்ணாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாமா?

கூடாது. 1815 மார்ச் 2 க்கு முந்தியவை சட்டத்தில் தொல்பொருள். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சி 1619 இல் போர்த்துக்கேயரிடம் முடிந்துபோனது, ஆகவே சேது நாணயம் எல்லாம் அதற்குள் அடங்கும். அண்ணா வரும்போது கையில் கொடுத்துக் காட்டுங்கள். வளவில் கிண்டும்போது பழங்காசு அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மேல்படிவோடு எழுத்தும் போய்விடும்.

எங்கள் பாடசாலைக் காணிவேலுக்கு நாங்களே காசு அச்சிடலாமா?

இப்படி யாராவது கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். தாராளமாக அச்சிடுங்கள். இப்போது பெரும்பாலான காணிவேல்களில் நிறக் கடதாசியில் முத்திரை குத்திய சீட்டுத்தான் கிடைக்கிறது, அன்றிரவே குப்பைக்குப் போகிறது.

ஆனால் சில விஷயத்தில் கவனம் வேண்டும். இலங்கை நோட்டின் படத்தையோ நிறத்தையோ வடிவத்தையோ பிரதி பண்ணக்கூடாது. நோட்டின் படத்தை எடுத்துப் பயன்படுத்த மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், ஆகவே அந்தப் பக்கமே போகாதீர்கள். அளவையும் மாற்றிவிடுங்கள். தாளில் பாடசாலையின் பெயர், திகதி, பெறுமதி, "இந்த வளாகத்துக்குள் மட்டும் செல்லும்" என்ற வரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் போட்டு, எத்தனை அச்சிட்டோம், எத்தனை விற்றோம், எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்தால், பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்கியலை ஒரே நாளில் படித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மிஞ்சிய தாளைத் திருப்பி வாங்க ஒரு மேசை போடுவது. "வாங்கிய சீட்டுக்குக் காசு திரும்பத் தரப்படமாட்டாது" என்ற அறிவித்தலை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. திருப்பித் தருவோம் என்று எழுதிப் போட்டால் சனம் பயமில்லாமல் கூட வாங்கும். தாள் அழகாக இருந்தால் திருப்பித் தரவும் மாட்டார்கள்.

படத்துக்கு மணிக்கூட்டுக் கோபுரமும் நூலகமும் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஒரு தாளிலாவது நெடுந்தீவுக் குதிரையைப் போடுங்கள். ஐம்பது ரூபாவில் பனங்காய், நூறு ரூபாவில் கட்டுமரம். பொருளாளர் கையெழுத்துக்கு ஸ்க்ரூஜ் மாமா வேண்டாம், நடு வகுப்புப் பிள்ளை ஒன்று போடட்டும்.

சின்னப்பிள்ளைக்குச் சேகரிக்கப் பழக்க வேண்டும். எதில் தொடங்கலாம்?

ஒரு டொலர் மிக்கி தாள், நன்றாக மடித்துப் பாவித்தது. விலை குறைவு, பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கலாம், கொஞ்சம் கசங்கினாலும் யாரும் ஏசத் தேவையில்லை. அதோடு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். உறைகள் இருபது வாங்கினால் போதும், மிச்சத்தை அடுத்த திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர் நிரப்பிவிடுவார்கள்.